கறுப்பு வெள்ளைச் செம்பருத்தி

நாத்தனார் வீட்டோடு வந்து தங்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் ஊசியக்கா ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்தினாள். ஊசியக்கா என்பது தெரு வைத்த பெயர். முன்னறையில் மிஷின் போட்டு இருபது வருடமாகத் தைக்கிறாளே, அதனால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நாக்கால் வந்த பெயர் என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது.

வருகிறவள் புருஷனின் ஒரே தங்கை. வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை என்பதால் குட்டி. குட்டிக்கு இப்போது முப்பத்தெட்டு வயது, அண்ணனைவிட அரை அடி உயரம், வாசல் நிலையில் குனிந்துதான் உள்ளே வருவாள். ஆனாலும் குட்டி குட்டிதான். வண்டிகளுக்கு இன்ஷூரன்ஸ் போடும் கம்பெனி ஒன்றில் வேலை. எங்கேயாவது காரோ லாரியோ மோதிக்கொண்டால் இவள் போய், நசுங்கின இடத்தைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்து, என்ன சேதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த ஊருக்கு மாற்றல் வந்திருந்தது.

"எத்தனை நாளைக்கு?" என்று புருஷனிடம் கேட்டாள் ஊசியக்கா.

"நல்ல வீடா கிடைக்கற வரைக்கும்."

"உங்க தங்கச்சிக்குப் பிடிக்கற வீட்டுக்கு இன்னும் அஸ்திவாரமே தோண்டியிருக்க மாட்டாங்க."

அவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நிற்கிற பெட்டிகளோடு போராடுகிறவர். மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் எந்த மாடியில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

குட்டி இரண்டு பையோடு வந்தாள். துணி இருந்த பை தலையணை அளவு. இன்னொன்றை யாரையும் தொடவிடாமல் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

அது என்ன என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு ஊசியக்கா எழுந்து முன்னறைக்கு வந்தால், துணி வெட்டுகிற மேஜையில் துணி இல்லை. சனிக்கிழமை அடுக்கி வைத்திருந்த பள்ளிக்கூடச் சட்டைகள் நாற்காலிக்குப் போயிருந்தன. மேஜை மேல் அவள் எடுத்து வைத்திருந்த கறுப்பு வெல்வெட் துண்டு. அதன் முன்னால் மருந்து பாட்டிலில் ஒரு வெள்ளை டேலியாப் பூ. அதற்கு நேர் எதிரில் முக்காலியில் கேமரா. கேமராவுக்குப் பின்னால், பாதி மடிந்து, மூச்சுவிடாமல், குட்டி.

"இங்க என்ன நடக்குது?"

குட்டி பதறி நிமிர்ந்தாள். "மன்னிச்சுக்கங்க அண்ணி. நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள எல்லாத்தையும் இருந்த இடத்துல வச்சிடலாம்னு பாத்தேன்."

"அது கஸ்டமர் கவுன்ல மிஞ்சின துணி. நாளைக்கு வந்து கேட்டா, பூ வச்சு விளையாடிட்டோம்னு சொல்லட்டுமா? வீட்டுல வேற மேஜையே இல்லையா உனக்கு?"

"மேஜை இருக்கு அண்ணி. இந்த வெளிச்சம் வேற எங்கயும் இல்லை."

ஊசியக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். அது உண்மை. ஜன்னலுக்கு எதிரில் பக்கத்துக் கட்டடத்தின் வெள்ளைச் சுவர். வெயில் அதில் பட்டுத் திரும்பி, சூடு கழிந்து, மெத்தென்று உள்ளே வரும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடுவதுகூடத் தெரியும். இந்த வெளிச்சத்துக்காகத்தான் அவளும் மேஜையை இங்கே போட்டிருந்தாள். அதைக் கண்டுபிடிக்க அவளுக்கு வந்த புதிதில் ஒரு வருடம் ஆனது. இவள் வந்து நாலு நாள்.

"ஒரு தடவை பாருங்களேன். அப்புறம் திட்டுங்க" என்றாள் குட்டி.

கேமராவின் பின்புறத் திரையில் ஊசியக்கா குனிந்து பார்த்தாள். வண்ணமே இல்லை, எல்லாம் கறுப்பு வெள்ளை. பூவும் முழுதாக இல்லை. கீழ் மூலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு எட்டிப் பார்த்தது, மிச்சமெல்லாம் இருட்டு.

"மீதிப் பூ எங்கே?"

"முழுசா வச்சா, ஓ டேலியாவான்னு பேரைச் சொல்லிட்டுப் போயிடுவோம் அண்ணி. பேர் தெரிஞ்சதும் பாக்கறதை நிறுத்திடுவோம்."

ஊசியக்கா மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை பேர் போய்விட்டிருந்தது. இதழுக்குப் பின்னால் இதழ், அதற்குப் பின்னால் இன்னொன்று, ஒவ்வொன்றும் முந்தினதைவிடத் துளி சின்னதாக, ஓரத்தில் வெளிச்சமும் மடிப்புக்குள் நிழலுமாக உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தன. பாவாடைக்கு மடிப்பு வைத்தே விரல் தேய்ந்தவள் அவள். ஊசி குத்தி, அளந்து, இஸ்திரி போட்டாலும் நாலாவது மடிப்பில் ஒரு நூல் தவறும். இங்கே நூறு மடிப்பு, ஒன்றுகூடத் தவறவில்லை. வாரம் தவறாமல் கடைத்தெருவில் டேலியாவைப் பார்த்திருக்கிறாள். இதைப் பார்த்ததில்லை.

பாராட்டிவிடக் கூடாது என்பதற்காக ஏதாவது குற்றம் தேடினாள். கிடைத்தது. "உன் கறுப்பு வெளுத்துத் தெரியுதே?"

"அதான் அண்ணி, அரை மணி நேரமா மல்லுக்கட்டறேன். சாம்பலாவே வருது."

"வெல்வெட்டைத் தலைகீழாப் போட்டிருக்கே. தள்ளு." ஊசியக்கா துணியை உருவி, திசை மாற்றி விரித்து, உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள். "ரோமம் நம்மளைப் பாத்து நிக்கணும். அப்பதான் வெளிச்சத்தைக் குடிக்கும்."

குட்டி திரையில் பார்த்தாள். சாம்பல் போய், கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த மாதிரி கறுப்பு. டேலியா அதிலிருந்து எழுந்து வந்து நின்றது. குட்டியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"ஒன்பது மணிக்கு எனக்கு மேஜை வேணும்" என்று சொல்லிவிட்டு ஊசியக்கா உள்ளே போனாள். பல் தேய்க்கிறபோது கண்ணாடியில் பார்த்தால் தான் சிரித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

அதிலிருந்து ஞாயிறு ஏழிலிருந்து ஒன்பதுவரை மேஜை குட்டிக்கு என்று ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் மின்விசிறி ஓடக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, தும்மல் வந்தால் சமையலறைக்குப் போய்விட வேண்டும். "என் வீட்டுல காத்து வாங்க ஒரு பூகிட்ட அனுமதி கேக்க வேண்டியிருக்கு" என்று மெக்கானிக் பனியனால் விசிறிக்கொண்டார்.

ஊசியக்கா பித்தான் தைக்கிற சாக்கில் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பாள். படம் எடுப்பது என்றால் டக் டக்கென்று அமுக்குவது என்றுதான் நினைத்திருந்தாள். குட்டி அமுக்கவே மாட்டாள். ஒரு ரோஜாவைச் சுற்றி இருபது நிமிடம் நடப்பாள். உட்காருவாள். சட்டை அளவு வரைகிற பழுப்புத் தாளில் இரண்டு மூலைகளை வெட்டி வைத்திருந்தாள். அவற்றைச் சட்டம் போலச் சேர்த்துப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். பூவை எள்ளளவு திருப்புவாள். வெள்ளை அட்டையை நிழல் பக்கம் கொண்டுபோவாள். நிழல் கொஞ்சம் இளகும். அதிகம் என்று பின்னால் இழுப்பாள். அவ்வளவு கிட்டத்தில் வைத்து எடுக்கிறபோது ஒரு பித்தானின் கனம்கூடத் தெளிவாக விழாதாம், முன்னாலும் பின்னாலும் கலங்கிவிடுமாம். அந்தத் துளித் தெளிவை எந்த இதழின் எந்த ஓரத்தில் வைப்பது என்பதுதான் பெரிய யோசனை. இரண்டு மணி நேரத்தில் ஏழு படம் எடுத்தாள் என்றால் அது அதிகம்.

"வண்ணத்துல எடுத்தா என்ன? கடவுள் சும்மாவா வண்ணம் கொடுத்தார்?" என்று ஒரு நாள் கேட்டாள் ஊசியக்கா.

"சிவப்புப் பூ, பச்சை இலை. பக்கத்துல பக்கத்துல நின்னா கண்ணு சிவப்புக்கு ஓடிடும் அண்ணி. கறுப்பு வெள்ளையில ரெண்டும் ஒரே சாம்பல், கட்டிப் பிடிச்சுக்கும். அப்ப சிவப்பை நம்ப முடியாது. மடிப்பு, நரம்பு, வழவழப்பு, சொரசொரப்பு, இதை வச்சுத்தான் பூன்னு சொல்லியாகணும். கஷ்டம்தான். அதனாலதான் பிடிச்சிருக்கு."

ஒரு ஞாயிறு சூரியகாந்தி. குட்டி என்ன செய்தும் அவளுக்குத் திருப்தி வரவில்லை. "எல்லாரும் எடுத்த படமாவே வருது" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஊசியக்கா பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே சொன்னாள்: "திருப்பிப் பாரேன். நான் யார் சட்டையைப் பாத்தாலும் உள்பக்கத்தைத்தான் புரட்டுவேன். வெளியில எல்லாரும் அழகாத்தான் தைப்பாங்க."

குட்டி பூவைத் திருப்பினாள். தண்டு வந்து சேருகிற இடத்தில் பச்சை இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மயிர் சிலிர்க்க, அந்தப் பெரிய தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. அன்று ஒரே படம்தான் எடுத்தாள். அச்சாகி வந்த அன்றைக்கு ஊசியக்கா அதை அளவு நாடா தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில் குத்தி வைத்தாள். அடுத்தடுத்து டேலியா, ரோஜா, ஜெர்பரா என்று சுவர் நிறைந்தது. புது வீடு பார்க்கிற பேச்சை மெக்கானிக் ஒரு முறை எடுத்தார். "அவ எங்க இருந்தா உங்களுக்கு என்ன இடைஞ்சல்?" என்று ஊசியக்கா கேட்டதும் விட்டுவிட்டார்.

அந்தச் சுவரைத்தான் ஒரு விதைக் கம்பெனியின் மேலாளரம்மா பார்த்தார். கோட்டுத் தோளைப் பிரித்துத் தைக்கக் கொடுக்க வந்தவர், அளவு எடுக்கக் கையைத் தூக்கினவர், தூக்கின கையை இறக்க மறந்து நின்றார். அவர்கள் கம்பெனி வருடா வருடம் நாட்காட்டி போடும். எப்போதும் பளபளவென்று வண்ணத்தில் தோட்டம். இந்த வருடம் இப்படிப் போட்டால் என்ன என்று அவருக்கு அங்கேயே தோன்றிவிட்டது. பன்னிரண்டு பூ, பன்னிரண்டு படம் வேண்டும் என்றார்; குட்டியும் சம்மதித்தாள். பதினொன்று தயாராக இருந்தன.

பன்னிரண்டாவதை மெக்கானிக் கொண்டுவந்தார். அவர் லிஃப்ட் பார்க்கிற குடியிருப்பில் செம்பருத்திப் புதர் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் காவலாளியிடம் கேட்டு, சுருட்டின குடை மாதிரி இருந்த ஒரு மொட்டைக் கிள்ளி, சாப்பாட்டு டப்பாவில் ஈரத் துணி போட்டு எடுத்து வந்தார். "என் பங்குக்கு" என்று நீட்டினார்.

ஞாயிறு காலை அது மேஜையில் விரிந்தது. விரிந்தபோதுதான் தெரிந்தது: ஒரு இதழின் நடுவில் ஓட்டை. மொட்டாக இருந்தபோதே ஏதோ புழு கடித்திருக்கிறது.

"அடடா, ஓட்டையைப் பாக்காம பறிச்சிட்டேனே" என்றார் மெக்கானிக். "வேற ஒண்ணு கொண்டு வரட்டுமா?"

குட்டி அதற்குள் பழுப்புத் தாள் மூலைகளைக் கையில் எடுத்திருந்தாள். அன்றைக்கு அவள் வேலை செய்த மாதிரி ஊசியக்கா அதற்கு முன் பார்த்ததில்லை. செம்பருத்திக்கு ஒரு நாள்தான் ஆயுசு, சாயங்காலம் சுருண்டுவிடும். ஆனாலும் அவசரமே இல்லை. முதலில் மகரந்தத் தண்டை நடுவில் வைத்தாள். வேண்டாம் என்று தள்ளினாள். ஓட்டையை ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள், அதுவும் வேண்டாம். கடைசியில் பூவைச் சாய்த்து, ஓட்டையை இடது மேலே நிறுத்தினாள். அங்கிருந்து இதழின் நரம்புகள் விசிறி மடிப்பாக இறங்கி, வலது கீழே, மகரந்தத் துளிகள் ஒட்டிய நுனியில் போய்ச் சேர்ந்தன. வெளிச்சம் போதவில்லை. ஊசியக்கா எதுவும் கேட்காமல் எழுந்து வெள்ளை அட்டையை எடுத்துப் பிடித்தாள். "இன்னும் கொஞ்சம் கீழே அண்ணி... அப்படியே." கை கடுத்தது. அசைக்கவில்லை. மூவரும் மூச்சைப் பிடித்தார்கள். ஒரு முறை அமுக்கினாள்.

கேமராத் திரையில் பார்த்த ஊசியக்கா, "ஏ குட்டி, இது காஜா!" என்றாள். பித்தான் துளைக்கு நூல் சுற்றித் தைப்பதுதான் காஜா. புழு கடித்த விளிம்பு காய்ந்து, கறுத்து, துளையைச் சுற்றி மெல்லிசாகத் தடித்திருந்தது. அவள் கையாலும் சரி, மிஷினாலும் சரி, காஜா இவ்வளவு சீராக விழாது.

படங்கள் போயின. நாலு நாளில் மேலாளரம்மா போன் செய்தார். பதினொன்றும் பிரமாதம். செம்பருத்தியும் பிரமாதம், அந்த ஓட்டை மட்டும் வேண்டாம். எங்கள் ஆபீஸ் பையன் கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடத்தில் அடைத்துவிட்டான், மாதிரி அனுப்புகிறேன், சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

மாதிரி வந்தது. குட்டி பார்த்துவிட்டு, "இல்லீங்க, அப்படி வேண்டாம். வேற பூ எடுத்துத் தரேன்" என்று பணிவாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு ஓட்டை! அதை அடைச்சா குடியா முழுகிடும்? ஊர் பூரா சுவத்துல மாட்டப் போற படம். எனக்கு லிஃப்ட்ல கீறல் விழுந்தா பெயின்ட் அடிச்சுட்டுப் போறேன்."

"லிஃப்டுக்கு அடிக்கலாம் அண்ணே."

அவர் சத்தம் போட்டுவிட்டு வெளியே போனார். ஊசியக்கா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கும் உள்ளுக்குள், அடைத்தால்தான் என்ன என்றிருந்தது. கேட்டாள்.

குட்டி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். பிறகு சொன்னாள். "வேலைக்குச் சேந்த முதல் வருஷம் அண்ணி. ஒரு லாரிக் கதவு நசுங்கியிருந்தது. நல்லா, தெளிவா, அழகா ஒரு படம் எடுத்தேன். ஓரத்துல எதிர் வண்டியோட நீலப் பெயின்ட் ஒரு கீத்து ஒட்டியிருந்துச்சு. படத்தைக் கெடுக்குதுன்னு அதை வெட்டிட்டேன். அந்தக் கீத்துதான் யார் வந்து இடிச்சதுங்கறதுக்கு சாட்சி. தப்பு லாரி டிரைவர் மேல விழுந்துச்சு. வேலை போச்சு அவருக்கு. ஆபீஸுக்கு வந்து என் மேஜை முன்னாடி நின்னார். திட்டக்கூட இல்லை. 'நீங்க பாத்தீங்களே மேடம்'னு மட்டும் கேட்டார். மறுபடி விசாரிக்க வச்சு சரி பண்ண ஏழு மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் படத்துல இருக்கிற எதையும் நான் தொடறதில்லை. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"சரி. ஆனா பூவிலயும் நீ விட்டுட்டுத்தானே எடுக்கறே? டேலியாவுல பாதிக்கு மேல விட்டே."

ஊசி இறங்கிவிட்டது. குட்டி சிரித்தாள். "நல்லாக் கேட்டீங்க. எங்கே நின்னு பாக்கறதுன்னு நான் தீர்மானிக்கலாம் அண்ணி. தீர்மானிச்சப்புறம் அங்க இருக்கிறது இருக்கிறதுதான். அதோட, அந்தப் பையன் அனுப்பினதைப் பாருங்க."

ஊசியக்கா இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அடைத்த படத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கண் உள்ளே போகவில்லை. இதழ்மேல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ஓட்டை இருந்த படத்தில் கண் நேரே அதில் போய் விழுந்தது, அங்கிருந்து நரம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியது, மகரந்தத்தில் நின்றது. இவள் அந்த ஓட்டையைப் பொறுத்துக்கொண்டு படம் எடுக்கவில்லை. ஓட்டையை வைத்துத்தான் எல்லாவற்றையும் அடுக்கியிருக்கிறாள். ஐந்து நிமிடத்தில் அடைத்தவனுக்கு அது தெரிய நியாயமில்லை.

"அடேயப்பா" என்றாள் ஊசியக்கா. இருபது வருடத்தில் எவர் வேலைக்கும் அவள் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு குட்டி ஒரு வெள்ளை லில்லியை எடுத்துக் கொடுத்தாள். அதிலும் சிரத்தைக்குக் குறைவில்லை. நாட்காட்டி நன்றாக வந்தது. பேச்சுக்குப் பேச்சு எல்லாரும் அந்தச் சூரியகாந்தி முதுகைத்தான் சொன்னார்கள். ஊசியக்காவுக்கு அதில் கால் தரையில் படவில்லை.

செம்பருத்தியைக் குட்டி கதவகலத்துக்குப் பெரிதாக அச்சடித்தாள். எங்கே மாட்டுவது என்று ஊசியக்காதான் முடிவு செய்தாள்: முன்னறையில், உள்ளே வருகிறவர்களுக்கு எதிர்ச் சுவர். மெக்கானிக் மட்டம் பார்க்கிற குழாயை வைத்து மூன்று தடவை அளந்து ஆணி அடித்தார். பிறகு இரண்டு எட்டு பின்னால் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். "புழு சரியான இடமாப் பாத்துத்தான் கடிச்சிருக்கு" என்றார். தங்கையிடம் மன்னிப்பு என்று அவர் கேட்டது அவ்வளவுதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

தைக்கக் கொடுத்திருந்த இன்னொரு கோட்டை வாங்க மேலாளரம்மா வந்தபோது குட்டி ஆபீஸில் இருந்தாள். போட்டுப் பார்க்க ஒரு கையை நுழைத்தவர், படத்தைப் பார்த்ததும் மறு கையை நுழைக்கவில்லை. சின்னத் திரையில் பார்த்தபோது தெரியாதது இங்கே தெரிந்தது போலும். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே, கோட்டு பாதி தரையில் புரள, கிட்டப் போனார்.

"நாங்க விதை விக்கறவங்க" என்றார் கடைசியில், யாருக்கோ காரணம் சொல்கிற குரலில். "பூச்சி கடிச்ச பூவைப் போட்டா சிரிப்பாங்க."

"நியாயம்தாங்க. உங்க கவலை உங்களுக்கு" என்றாள் ஊசியக்கா.

"ஆனா எடுத்தவங்க இதைத் தொடாம விட்டாங்களே. நல்ல வேளை."

ஊசியக்கா வாயில் நாலு குண்டூசி இருந்தது. எடுத்தாள். குறும்பாக ஏதாவது சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். இன்றைக்கு அப்படி ஒன்றும் வரவில்லை.

"எங்க குட்டி எடுத்ததுங்க" என்றாள். "என் நாத்தனார். ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. மின்விசிறி ஓடாது, வேர்க்கும், பேசக் கூடாது. ஆனா அவ வேலை செய்யறதைப் பாக்கணும் நீங்க."